இபி-1ஏ மனு நிராகரிப்பு, என்.ஐ.டபிள்யூ. ஒப்புதல் கையில் உள்ளது: அடுத்து என்ன செய்யலாம்?

சோடியம்_அயனி:

அனைவருக்கும் வணக்கம். நான் சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தவன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எச்-1பி வேலை விசாவில் முதுமுனைவர் ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். சோடியம் அயனி மின்கலங்களில் பயன்படும் மின்பகுளிகள்தான் என் துறை. இதுவரை 19 கட்டுரைகள், சுமார் 410 மேற்கோள்கள், ஆய்விதழ்களுக்காக நான் மதிப்பிட்டுக் கொடுத்த கட்டுரைகள் 35 என்பது என் கணக்கு.

2023 மார்ச்சில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் மூலம் தேசிய நலன் விலக்கின் கீழ், அதாவது என்.ஐ.டபிள்யூ. வழியில், ஐ-140 மனு (கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கான தகுதி மனு) தாக்கல் செய்தேன். அது ஒப்புதல் பெற்றுவிட்டது. ஆனால் அது சேரும் இபி-2 எனப்படும் இரண்டாம் வேலைவாய்ப்புப் பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்தாண்டுகளுக்கு மேல் பின்தங்கி நிற்பதால், அதே அலுவலகத்தின் ஆலோசனைப்படி 2025 மார்ச்சில், அசாதாரணத் திறன் உள்ளவர்களுக்கான முதற்பிரிவு மனுவான இபி-1ஏ-வும் போட்டேன். ஏப்ரலில் கூடுதல் சான்று கேட்டு ஆர்.எஃப்.இ. வந்தது, ஜூலைத் தொடக்கத்தில் பதில் அனுப்பினோம், ஜூலை இறுதியில் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. பிறருடைய ஆய்வை மதிப்பிட்டது, ஆய்வுக் கட்டுரைகள் எழுதியது ஆகிய இரண்டையும் ஏற்றுக்கொண்ட அதிகாரி, "துறையில் பெரும் முக்கியத்துவம் வாய்ந்த அசல் பங்களிப்பு" என்ற மூன்றாவது அளவுகோலை ஏற்கவில்லை. பரிந்துரைக் கடிதங்கள் மூன்றில் ஒரே வாக்கியம் சொல் மாறாமல் இடம்பெற்றிருப்பதையும் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தக் கடிதங்களின் வரைவை அலுவலகம்தான் தயாரித்துக் கொடுத்தது. படித்துப் பார்க்காமல் அனுப்பியதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

என் கேள்விகள் இவைதான். மேல்முறையீடு செய்வதா, புதிய மனு போடுவதா? இபி-1ஏ கிடைக்க எத்தனை மேற்கோள்கள் இருந்தால் போதும்? என் துறையில் இருப்பவர்கள் வெவ்வேறு எண்களைச் சொல்கிறார்கள். இருக்கிற என்.ஐ.டபிள்யூ. ஒப்புதலால் எனக்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது அது வெறும் காகிதம்தானா? என் மனைவி கனடாக் குடியுரிமை பெற்றவர், துணைவருக்கான எச்-4 விசாவில் என்னோடு இருக்கிறார். நாங்கள் கனடாவுக்கே போய்விடலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது.

தாமரைக்குளம்:

வணக்கம் சகோதரரே. எனக்கும் முதல் இபி-1ஏ மனு நிராகரிக்கப்பட்டு, ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டாவது மனுவில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலை நன்றாக நினைவிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மேற்கோள் எண்ணைப் பற்றி. இத்தனை மேற்கோள்கள் இருந்தால் ஒப்புதல் என்ற வரம்பு சட்டத்திலும் இல்லை, விதிமுறையிலும் இல்லை. விதிமுறையில் பத்து அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றையாவது நிறைவு செய்ய வேண்டும். மூன்று நிறைவேறிவிட்டால் ஒப்புதல் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2010-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கசேரியன் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, குடிவரவுத் துறை இந்த மனுக்களை இரண்டு கட்டமாகப் பார்க்கிறது. முதல் கட்டத்தில் மூன்று அளவுகோல்கள் நிறைவேறியுள்ளனவா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் எல்லாச் சான்றுகளையும் ஒன்றாக எடைபோட்டு, இவர் உண்மையிலேயே தம் துறையின் உச்சியில் நிற்கும் மிகச் சிலருள் ஒருவரா, அந்தப் புகழ் நீடித்து நிற்கிறதா என்று கேட்பார்கள். நீங்கள் முதல் கட்டத்திலேயே இரண்டோடு நின்றுவிட்டீர்கள். எனவே அடுத்த மனுவில் உங்கள் உழைப்பு முழுவதும் அசல் பங்களிப்பு என்ற அந்த ஒரே அளவுகோலில் குவிய வேண்டும்.

நான் புரதங்களின் வடிவத்தை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்கிறவள். முதல் மனுவில் "என் கட்டுரைகளுக்கு 268 மேற்கோள்கள்" என்று எழுதி, கூகுள் ஸ்காலர் பக்கத்தை அச்செடுத்து இணைத்துவிட்டோம். நிராகரிப்பு வந்த பிறகு, அந்த 268 கட்டுரைகளிலும் என் பெயர் வருகிற பக்கத்தை மட்டும் அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, மூன்று நிறப் பேனாக்களோடு இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்தேன். மிகப் பெரும்பாலானவை அறிமுகப் பகுதியில், பத்துப் பதினைந்து கட்டுரைகளை ஒரே அடைப்புக்குள் போட்டுக் கடந்து போகிறவை. முப்பத்தொன்று மட்டும் தங்கள் முடிவுகளை என் முடிவுகளோடு ஒப்பிட்டிருந்தன. ஒன்பது கட்டுரைகள், ஆய்வுமுறைப் பகுதியில் நான் உருவாக்கிய மாதிரித் தயாரிப்பு முறையையே எடுத்துக் கையாண்டிருந்தன. என் மனு நின்றது அந்த ஒன்பதின் மேல்தான். அந்தப் பத்திகளை மஞ்சள் வண்ணமிட்டு, எந்த நாட்டில் எந்த ஆய்வகம் எதற்காக அந்த முறையைப் பயன்படுத்தியது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதினேன்.

பிறகு அந்த ஒன்பது குழுக்களில் மூன்று பேருக்கு நானே மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்களில் யாரையும் நான் நேரில் சந்தித்ததில்லை. இரண்டு பேர் கடிதம் தந்தார்கள். ஒருவர், "எங்கள் புரதம் உறைய வைக்கும்போதெல்லாம் ஓரங்களில் திரண்டு வீணாகிக்கொண்டிருந்தது, ஓராண்டு இப்படியே கழிந்த பின், இவருடைய முறைப்படி தயாரித்த மாதிரியில்தான் முதன்முறையாகப் பயன்படக்கூடிய படங்கள் கிடைத்தன" என்று எழுதியிருந்தார். "மிகச் சிறந்த விஞ்ஞானி", "ஈடு இணையற்றவர்" என்றெல்லாம் என் முன்னாள் வழிகாட்டி எழுதிய நான்கு பக்கத்தைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கைகொடுத்தது என்று உறுதியாக நம்புகிறேன். பாராட்டுச் சொற்களைக் கொண்டு அதிகாரியால் எதையும் முடிவு செய்ய முடியாது. யார், எதற்காக, என்ன பலன் கண்டார் என்பதை அவரால் எடைபோட முடியும். கடிதத்தின் அறிவியல் விவரங்களை நீங்கள் நினைவூட்டலாம், அதில் தவறில்லை. வாக்கியங்கள் மட்டும் எழுதுகிறவருடையதாகவே இருக்கட்டும்.

மொத்த எண்ணைவிட, உங்கள் கட்டுரை அதே துறையில் அதே ஆண்டில் வெளிவந்தவற்றுள் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது பொருள் உள்ளதாக இருக்கும். கிளாரிவேட் நிறுவனம் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் வெளியிடும் விழுக்காட்டு அட்டவணையை இதற்குப் பயன்படுத்தலாம். கணிதத்தில் நூறு மேற்கோளும் மின்கலத் துறையில் நூறு மேற்கோளும் ஒன்றல்ல.

மேல்முறையீடா, புதிய மனுவா என்றால், என் கருத்து புதிய மனுதான். மேல்முறையீட்டுக்கு ஐ-290பி படிவத்தை முடிவு நாளிலிருந்து 30 நாட்களுக்குள், முடிவு அஞ்சலில் வந்திருந்தால் 33 நாட்களுக்குள், தாக்கல் செய்ய வேண்டும். அங்கே கேட்கப்படுவது, மனு தாக்கலான நாளன்று நீங்கள் தகுதி பெற்றிருந்தீர்களா என்பதுதான். அந்த நாளுக்குப் பிறகு வந்த கட்டுரையும் மேற்கோளும் கணக்கில் வரா. உங்கள் சான்றுகளை அதிகாரி தவறாகப் படித்திருந்தால் மேல்முறையீட்டுக்குப் பொருள் உண்டு. சான்றே பலவீனமாக இருந்தால், அதே ஆவணக் கட்டை மீண்டும் ஒருவர் புரட்டிப் பார்ப்பதால் பயனில்லை. புதிய மனுவுக்குத் தடையோ காத்திருப்புக் காலமோ கிடையாது. முன்பு தாக்கல் செய்த மனுக்களைப் பற்றி ஐ-140 படிவத்தில் கேட்பார்கள், மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

சிறந்த பேராசிரியர்கள், ஆய்வாளர்களுக்கான இபி-1பி வழியைப் பற்றி உங்கள் பல்கலைக்கழகத்தில் விசாரித்துப் பார்த்தீர்களா? அதில் ஆறு அளவுகோல்களில் இரண்டு போதும், மூன்றாண்டு ஆய்வு அனுபவம் வேண்டும். உங்களுக்கு அந்த இரண்டையும் ஏற்கெனவே ஓர் அதிகாரி ஏற்றிருக்கிறார், இறுதி எடைபோடல் அங்கேயும் உண்டு என்றாலும். ஆனால் மனுதாரர் உங்கள் நிறுவனமாக இருக்க வேண்டும், வேலையும் நிலையானதாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் முதுமுனைவர் பணிக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதைச் செய்ய முன்வருவதில்லை. ஆய்வு விஞ்ஞானி என்ற பணிக்கு மாறினால் பேசிப் பார்க்கலாம்.

வைகைக்கரை:

தாமரைக்குளம் அம்மா எழுதியது அனைத்தும் சரி. நான் 2014-ஆம் ஆண்டு முன்னுரிமைத் தேதியோடு (வரிசையில் இடம் பிடித்த நாள்) இந்திய இபி-2 வரிசையில் நின்றுகொண்டிருக்கும் இயற்பியல்காரன். அதனால் வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, ஐ-140 ஒப்புதலும் கிரீன் கார்டும் வெவ்வேறு. ஒப்புதல் உங்களுக்குத் தகுதி இருப்பதைச் சொல்கிறது; விசா எண் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாதமும் வெளியுறவுத் துறையின் விசா அறிக்கை சொல்கிறது. வேலைவாய்ப்புப் பிரிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,40,000 எண்கள்தான். எந்த ஒரு நாட்டுக்கும் அதில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்புதான் நம்மை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் அறிக்கையில் இந்திய இபி-2 தேதி 2013 ஜனவரி 1, அதாவது அதற்கு முந்தைய முன்னுரிமைத் தேதி உள்ளவர்களுக்குத்தான் எண். இந்திய இபி-1 தேதி 2022 பிப்ரவரி 15.

உங்கள் என்.ஐ.டபிள்யூ. ஒப்புதல் வெறும் காகிதம் அல்ல. நாளை இபி-1ஏ ஒப்புதல் பெற்றால், 2023 மார்ச் என்ற உங்கள் பழைய முன்னுரிமைத் தேதியை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். அதோடு, எச்-1பி ஆறாண்டு வரம்பைத் தாண்டி மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ள அந்த ஒப்புதல் உதவுகிறது. நான் இத்தனை ஆண்டு இங்கே வேலை செய்துகொண்டிருப்பது அதனால்தான்.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்று. உங்கள் மனைவி கனடாக் குடியுரிமை பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறந்தது எந்த நாட்டில்?

சோடியம்_அயனி:

தாமரைக்குளம் அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. இன்று காலையே என் மேற்கோள்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாற்பதில், நான் கண்டறிந்த சேர்மத்தைத் தங்கள் மின்பகுளியில் கலந்து பார்த்த குழுக்கள் மூன்று தென்பட்டன. அவற்றில் ஒன்று, ஐந்நூறு சுழற்சிகளுக்குப் பிறகும் மின்கலத்தின் கொள்ளளவு குறையாமல் இருப்பதற்கு அந்தச் சேர்மமே காரணம் என்று எழுதியிருக்கிறது. இதை நான் இதுவரை படித்ததே இல்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை ஐயா, என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே போர்ச் சூழலில் குடும்பத்தோடு டொராண்டோவுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு 2022-இல் திருமணம் நடந்தது. இதற்கும் என் வரிசைக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தின் விவரப் படிவத்தில் அவருடைய குடியுரிமையை மட்டும்தான் கேட்டார்கள்.

வைகைக்கரை:

தம்பி, நிதானமாகப் படியுங்கள். உங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டிருக்கலாம்.

ஒருவரை எந்த நாட்டின் கணக்கில் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது பிறந்த நாடு, குடியுரிமை அல்ல. நீங்கள் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் இந்தியக் கணக்கு. ஆனால் கணவனும் மனைவியும் பிரிந்துபோகாமல் இருப்பதற்காகச் சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மனுதாரரின் நாட்டு வரிசை நீண்டிருந்து, உடன் வரும் துணைவரின் பிறந்த நாட்டு வரிசை குறுகியதாக இருந்தால், இருவரும் துணைவரின் நாட்டுக் கணக்கில் எண் பெறலாம். உங்கள் மனைவி இலங்கையில் பிறந்தவர். இலங்கைக்குத் தனி வரிசை கிடையாது. அது பிற நாடுகள் அனைத்தும் அடங்கிய பொது வரிசையில் வருகிறது. அந்த வரிசையில் ஆகஸ்ட் மாத இபி-2 தேதி 2023 செப்டம்பர் 1. உங்கள் தேதி 2023 மார்ச். அதாவது புதிய இபி-1ஏ மனு இல்லாமலே, ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற என்.ஐ.டபிள்யூ. மனுவின் பேரில் நீங்கள் இருவரும் இப்போதே ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) தாக்கல் செய்யும் நிலையில் இருக்கிறீர்கள்.

தாமதிக்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் இதே வரிசை 2023 அக்டோபர் 15 வரை வந்திருந்து, ஆகஸ்டில் பின்வாங்கியிருக்கிறது. அரசின் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அதற்குள் எண்கள் தீர்ந்துபோனால், அக்டோபரில் புதிய ஒதுக்கீடு வரும்வரை யாருக்கும் ஒப்புதல் தர மாட்டார்கள். மனு உள்ளே போயிருந்தால், எண் திரும்பி வரும்போது நீங்கள் ஏற்கெனவே வாசலில் நிற்பீர்கள். காத்திருக்கும் காலத்தில் இருவருக்கும் வேலை அனுமதியும் பயண அனுமதியும் கேட்கலாம்.

செய்ய வேண்டியவை: இருவரும் தனித்தனி ஐ-485 படிவங்களை ஒன்றாகவே அனுப்புங்கள். உறையின் மேலேயே, முதல் பக்கக் கடிதத்தில், மனைவியின் பிறந்த நாடான இலங்கையின் கணக்கில் எண் கோருகிறோம் என்று தெளிவாக எழுதி, அவருடைய பிறப்புச் சான்றையும் திருமணச் சான்றையும் அதற்கு அடுத்தே வையுங்கள். இதைச் சொல்லாவிட்டால், இந்தியாவில் பிறந்தவர், தேதி வரவில்லை என்று கண்டு மனுவைத் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. கட்டணம் ஒருவருக்கு 1,440 டாலர். ஐ-693 மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485-உடன் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். எனவே குடிவரவுத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் நாளையே நேரம் கேளுங்கள். பெரும்பாலும் இந்த ஒன்றுதான் ஆட்களைத் தாமதப்படுத்துகிறது.

இன்னொன்று. என்.ஐ.டபிள்யூ. ஒப்புதல் என்பது 2016-ஆம் ஆண்டு தானசார் தீர்ப்பின் மூன்று கேள்விகளுக்கு நீங்கள் சொன்ன பதிலின் மேல் நிற்கிறது: முயற்சி தேசிய முக்கியத்துவம் உடையதா, அதை முன்னெடுக்க நீங்கள் பொருத்தமானவரா, வேலை வாய்ப்புக் கடிதமும், இந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் சான்றும் வேண்டாம் என்று விடுவது நாட்டுக்கு நன்மையா. நீங்கள் இன்னும் மின்கல ஆய்விலேயே இருக்கிறீர்கள் என்பதால் சிக்கலில்லை. துறையை முற்றிலும் மாற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். இதற்கு முன் உங்களை வழிநடத்திய அலுவலகம் இல்லாமல், வேறு ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேர ஆலோசனையாவது பெற்று, நான் சொன்னதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்_செல்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மரபணுவியலில் முதுமுனைவர் ஆய்வு செய்கிறேன். ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசாவில் இருக்கிறேன். அக்காவின் திருமணத்துக்காக ஜனவரியில் மதுரைக்குப் போய், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா முத்திரை பெற்றுத் திரும்ப வேண்டும். அதற்கு முன் என்.ஐ.டபிள்யூ. மனு போட்டுவிடலாமா? இரண்டாண்டு தாய்நாட்டு நிபந்தனை (பயிற்சி முடிந்து சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்தாக வேண்டும் என்பது) எனக்கு உண்டா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

தாமரைக்குளம்:

தங்கையே, திருமணத்துக்குப் போய் முத்திரை வாங்கித் திரும்பி வந்த பிறகு மனு போடுங்கள். ஜே-1 என்பது திரும்பிப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கான விசா. ஐ-140 தாக்கல் செய்திருந்தால் குடியேறும் எண்ணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். விசா விண்ணப்பப் படிவத்தில் அதை நேரடியாகக் கேட்பார்கள், பொய் சொல்லவும் கூடாது. எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாண்டு நிபந்தனை பெரும்பாலும், எந்த நாட்டுக்கு எந்தத் துறையினர் தேவை என்று அமெரிக்க அரசு வெளியிடும் திறன் பட்டியலால் வந்துகொண்டிருந்தது. 2024 டிசம்பர் 9 அன்று வெளியான புதிய பட்டியலில் இந்தியா இல்லை. முன்பே வந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் உங்கள் பயிற்சிக்கு இந்திய அரசோ அமெரிக்க அரசோ நிதி தந்திருந்தால் நிபந்தனை இன்னும் இருக்கலாம். உங்கள் ஜே-1-க்கான டி.எஸ்-2019 படிவத்தில் நிதி யாரிடமிருந்து என்று குறிப்பிட்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். நிபந்தனை இருந்தாலும் ஐ-140 போடத் தடையில்லை. அதை நிறைவேற்றாமலோ விலக்குப் பெறாமலோ ஐ-485 கட்டத்துக்குத்தான் போக முடியாது.

சோடியம்_அயனி:

ஐயா, உங்கள் பதிலை நானும் மனைவியும் மூன்று முறை சேர்ந்து படித்தோம். என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று வேறொரு வழக்கறிஞரிடம் பேசினோம்; நீங்கள் சொன்னதை அப்படியே உறுதிப்படுத்தினார். மருத்துவப் பரிசோதனைக்கு வரும் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. இபி-1ஏ கோப்பை மூடி வைத்துவிட்டேன்.

ஒரே தடை பிறப்புச் சான்று. மனைவியிடம் இருப்பது 1990-களில் எடுத்த மங்கலான ஒளிநகல் மட்டுமே. முழுவதும் தமிழில் இருக்கிறது, ஒரு மூலை கிழிந்திருக்கிறது. அசல், இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது.

நல்லூர்ப்_பெட்டை:

வணக்கம் அண்ணா. நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சென்ற ஆண்டு என் அம்மாவுக்காக இதே வேலையைச் செய்தேன். இலங்கையில் இதைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் என்று சொல்லுவோம். பிறந்த இடம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறதோ, அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்க வேணும். அங்கே உறவினர் யாராவது இருந்தால் அவர் போய் எடுக்கலாம். உங்களிடம் இருக்கும் ஒளிநகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பதிவு இலக்கமும் பதிவு செய்த திகதியும் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி, ஏனென்றால் இலக்கம் இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டி வரும், அதற்கு நாள் எடுக்கும். பதிவேடே போரில் அழிந்துபோயிருந்தால், பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தோடு பள்ளிச் சான்று, ஞானஸ்நானப் பதிவு போன்ற பழைய ஆவணங்களையும், பிறப்பை நேரில் அறிந்த பெரியவர்களின் சத்தியக் கடதாசியையும் (பிரமாணப் பத்திரம்) சேர்த்துக் கொடுக்கலாம்.

தமிழில் உள்ள பத்திரத்துக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்துகளையும் விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அக்காவின் பெயர் பத்திரத்தில் தகப்பன் பெயரோடும், கனடாக் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருக்கக்கூடும்; அப்படியென்றால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசியை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அக்கா பிறந்த இடத்தின் பெயரைச் சொன்னால், எந்தச் செயலகம் என்று நான் விசாரித்துச் சொல்லுறன்.